புது ஜந்து, பழைய உலகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை சரவணம்பட்டியில் ஒரு மாடி அறையில் ஞாயிற்றுக்கிழமைதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகச் சேர்ந்து கதை நடத்தும் மேசை ஆட்டம் அது. பொள்ளாச்சி, உடுமலை, கோபி, திருப்பூர் என்று நாலு பக்கமிருந்தும் ஆள் வரும். பாதிப் பேர் வாரநாளில் கம்ப்யூட்டரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், ஸ்கைரிம் என்று இருப்பவர்கள். எந்த கேமில் புதிதாக ஒரு ஜந்து வந்தாலும் அந்த வாரம் எங்கள் பகடை உருளாது. "இது எப்படி இந்த உலகத்தில் இருக்க முடியும்?" என்ற பேச்சிலேயே கொண்டுவந்த அரிசிம்பருப்பு சாதம் ஆறிப்போகும்.

புதிதாகச் சேரும் தம்பி தங்கைகள் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அதனால் கேட்டது கேட்டபடியே வைத்து, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன். எங்கள் மேசையில் நான் டிஎம், அதாவது ஆட்டத்தை நடத்துகிற ஆள். உலகத்தைக் கட்டுகிறவன் பக்கம் என் மனம் கொஞ்சம் சாய்வது அங்கங்கே தெரியும்.

லோர், லோர்ங்கறீங்களே, அது கதைதானுங்ணா?

கதை வேறு, லோர் வேறு. கதை என்பது நீங்கள் ஆடும்போது நடப்பது: யாரைக் காப்பாற்றினீர்கள், யாரைக் கொன்றீர்கள். லோர் என்பது நீங்கள் வருவதற்கு முன்பே அந்த உலகத்தில் இருந்த சங்கதி. எந்த ராஜா எப்போது செத்தான், எந்த இனம் எங்கிருந்து வந்தது, எந்தக் காட்டில் எது வாழ்கிறது, சாமிகள் யார் யாருக்குப் பகை. ஒரு ஊருக்குக் குடிபோனால் அந்த ஊருக்கென்று ஏற்கெனவே ஒரு பழங்கதை இருக்குமே, அதுதான்.

கேனான், ரெட்கான்னு ரெண்டு பேர் மூஞ்சிக்கு மூஞ்சி கத்திட்டிருந்தாங்க. எனக்கு ரெண்டும் புரியல.

கேனான் என்றால் உலகத்தைப் படைத்தவர்கள் "இது நடந்தது" என்று ஒப்புக்கொண்டது. ரசிகர் எழுதிய கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதில் சேராது. ரெட்கான் என்றால் ஏற்கெனவே சொன்னதைப் பின்னால் வந்து மாற்றிச் சொல்வது.

ரெட்கானில் இரண்டு வகை உண்டு. இதைப் பிரித்துப் பார்த்தால் பாதிச் சண்டை தீரும். ஒன்று, சொல்லாமல் விட்ட இடத்தை நிரப்புவது. "மேற்கே மலை இருக்கிறது" என்று மட்டும் சொல்லியிருந்தார்கள், இப்போது "மலைக்கு அந்தப் பக்கம் ஒரு இனம் வாழ்கிறது" என்கிறார்கள். பழையது எதுவும் உடையவில்லை. இன்னொன்று, சொன்னதையே அடித்து எழுதுவது. "மலைக்கு அந்தப் பக்கம் கடல்தான்" என்று எழுதிவிட்டு அங்கே ஆளைக் குடியேற்றினால் அது முரண். கீழே நான் "நிரப்பல்", "முரண்" என்று சொல்வதெல்லாம் இந்த அர்த்தத்தில்தான்.

புதுசா ஒரு மிருகம் வந்தா ஆடிப் பார்த்து சந்தோஷப்படறத உட்டுட்டு எதுக்குங்க இத்தனை சண்டை?

சந்தோஷப்படுகிறவர்கள்தான் சண்டையும் போடுகிறார்கள். ஒரு உலகத்துக்குள் ஐந்து வருடம், பத்து வருடம் நடந்தவனுக்கு அதன் வழி தெரியும். எந்தக் குகையில் எது தூங்கும் என்று தெரியும். திடீரென்று ஒரு இனம் வந்து "நாங்கள் எப்போதும் இங்கேதான் இருந்தோம்" என்று சொன்னால், அவன் நடந்த அத்தனை வருட நடையையும் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது. அந்த வலி நிஜம். அதைக் கிண்டல் செய்கிறவர்களை எங்கள் மேசையில் நான் அனுமதிப்பதில்லை.

டிராகனே பொய்யி. பொய்யில என்னங்ணா சரி, தப்பு?

ஏறத்தாழ எல்லாரும் ஒருமுறை கேட்கும் கேள்வி இது. நான் எப்போதும் அவிநாசியைச் சொல்வேன். குளத்தில் முதலை ஒரு சிறுவனை விழுங்கிவிட்டது. சில வருடம் கழித்து அந்த வழியாக வந்த சுந்தரர், பெற்றோர் அழுவதைக் கேட்டுப் பதிகம் பாடுகிறார். முதலை பையனைக் கரையில் கொண்டுவந்து உமிழ்கிறது. அந்தப் பையன் விழுங்கப்பட்ட வயதில் வரவில்லை. இடையில் போன வருடங்களுக்கு உண்டான வளர்ச்சியோடு வந்தான் என்று புராணம் சொல்கிறது.

அந்த ஒரு விவரத்தைப் பாருங்கள். முதலை வயிற்றில் பிள்ளை உயிரோடு இருந்ததை ஏற்றுக்கொள்கிற மனம், வருடக் கணக்கு தப்பினால் ஏற்றுக்கொள்ளாது. அதிசயத்துக்குள்ளும் கணக்கு உண்டு. டிராகன் நெருப்பு கக்கட்டும், எனக்கு ஒன்றுமில்லை. நேற்று ஒரு மலையில் ஒன்றுகூட இல்லை என்று சொல்லிவிட்டு இன்று அங்கே முந்நூறு வருடக் கூடு இருக்கிறது என்றால், நடுவில் அந்தக் கணக்கு எங்கே என்றுதான் கேட்கிறோம்.

புது ஜந்து பொருந்துதா பொருந்தலையான்னு எப்படிப் பார்க்கறது? எதாவது வழி இருக்குதுங்களா?

நான் முதலில் பார்ப்பது தடம். காட்டோரத் தோட்டத்துக்காரரைக் கேளுங்கள், ராத்திரி யானை வந்ததை அவர் யானையைப் பார்த்துச் சொல்வதில்லை. முறிந்த வாழை, சாய்ந்த வேலிக்கல், வரப்பில் குழிந்த கால்தடம், சாணம். காலையில் இத்தனையும் கிடக்கும். பெரிய உடம்புள்ள எதுவும் தடம் விடாமல் ஒரு ஊரில் வாழ முடியாது. கேமில் புதிதாக ஒரு ஜந்து வந்தால் அது என்ன தின்றது, அதை எது தின்றது, அந்த ஊர்க்காரர்கள் அதை என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், பிள்ளைகளை அதைச் சொல்லிப் பயமுறுத்தினார்களா என்று தேடுவேன். இதில் இரண்டுக்காவது பழைய கேமிலேயே ஒரு சின்னக் குறிப்பு இருந்தால், படைத்தவர்கள் உழைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்புறம், அது வந்ததால் மற்றவர்கள் மாறினார்களா என்று பார்ப்பேன். பறக்கும் வேட்டை மிருகம் உள்ள நாட்டில் ஆடு மேய்க்கிறவன் திறந்த வெளியில் பட்டி போடமாட்டான். கோட்டை கட்டுகிறவன் மேலேயும் மூடுவான். எதுவுமே மாறாமல் ஜந்து மட்டும் வந்து நின்றால் அது உலகத்துக்குள் வரவில்லை, மேலே ஒட்டிய ஸ்டிக்கர் மாதிரி நிற்கிறது. முரண் இருக்கிறதா என்பதைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முரணே இல்லாத ஸ்டிக்கரைவிட, சின்ன முரணோடு வேர் விட்ட ஜந்து எனக்கு மேல்.

பாண்டா கரடிய ஒரு இனமா போட்டு வார்கிராஃப்ட்ட காமெடி பண்ணிட்டாங்கன்னு எங்க அண்ணன் இன்னும் திட்டறான். அவன் சொல்றது சரிங்களா?

உங்கள் அண்ணனுக்குக் கோபம் வர நியாயம் இருக்கிறது, ஆனால் முடிவு சரியில்லை. பாண்டரென் என்ற அந்தப் பாண்டா இனம் முதலில் 2002இல் ஏப்ரல் முதல் தேதி விளையாட்டாகத்தான் வெளியே வந்தது. ரசிகர்களுக்குப் பிடித்துப்போனதால் 2003இல், வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டுக்கு முந்தின கேமான வார்கிராஃப்ட் 3இன் ஃப்ரோசன் த்ரோன் விரிவாக்கத்தில் ஒரு வீரனாகச் சேர்த்தார்கள். சென் ஸ்டார்ம்ஸ்டவுட் என்ற சாராயம் காய்ச்சும் பாண்டரென் அப்போதே கதையில் நடமாடினான். 2012 செப்டம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் விரிவாக்கமாக மிஸ்ட்ஸ் ஆஃப் பாண்டேரியா வந்தபோது முழு இனமும் முழு நாடும் வந்தது. இடையில் ஒன்பது வருடம் போயிருந்தது.

அவர்கள் சொன்ன காரணம்: பத்தாயிரம் வருடம் அந்த நாடு மூடுபனிக்குள் மறைந்திருந்தது. அப்படியானால் சென் எப்படி வெளியே வந்தான்? இதைத்தான் எல்லாரும் கேட்டார்கள். அதற்கும் விடை வைத்திருந்தார்கள். ஒரு மாபெரும் கடலாமையின் முதுகில் குடியேறி உலகம் சுற்றும் பாண்டரென் கூட்டம் ஒன்று உண்டு, சென் அந்தக் கூட்டத்தின் வழி வந்தவன். மேலே சொன்ன தடம் இதுதான். விளையாட்டாகப் பிறந்ததா, தீவிரமாகப் பிறந்ததா என்பது எனக்கு முக்கியமில்லை. வளர்த்தவர்கள் கணக்கு வைத்து வளர்த்தார்கள்.

டிரெனாய் விஷயத்துல நெசமாலுமே என்னங்க நடந்துச்சு? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

டிரெனாய் வார்கிராஃப்டில் வரும் ஒரு இனம். இவர்கள் விஷயத்தில் நிரப்பல் ஒன்று, முரண் ஒன்று. இரண்டையும் சேர்த்துக் குழப்புவதால்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

நிரப்பல்: 2003இல் பார்த்த டிரெனாய் கூன் விழுந்த, சிதைந்த உடம்புக்காரர்கள். அவர்கள் தலைவன் அகாமா ஞாபகம் இருக்கும். 2007 ஜனவரியில் பர்னிங் க்ரூஸேட் விரிவாக்கம் வந்தபோது நிமிர்ந்த, நீலத்தோல், குளம்புக்கால் டிரெனாய் வந்தார்கள். விளக்கம்: இவர்கள்தான் அசல். பழைய கூனர்கள் தீய மந்திர வேகத்தில் உருக்குலைந்துபோன அதே இனத்தார், அவர்களுக்கு புரோக்கன் என்று பெயர். நன்றாகப் பொருந்துகிறது. சொல்லப்போனால் அகாமாவின் சோகம் இதனால் இன்னும் ஆழமானது.

முரண்: வார்கிராஃப்ட் 3இன் அச்சுக் கையேட்டில், அந்த உலகத்தின் பெரிய வில்லனான சர்கெராஸ் மனம் உடைந்து கெட்டுப்போனதற்கு, எரெடார் என்ற மந்திரவாதி இனத்தாரின் கொடுமையும் காரணம் என்று இருக்கிறது. புதிய கதையில் எரெடார்கள் நல்லவர்கள், ஏற்கெனவே கெட்டுப்போன சர்கெராஸ் வந்துதான் அவர்களைக் கெடுத்தான், தப்பி ஓடிய கூட்டமே டிரெனாய். முன்பின் அப்படியே தலைகீழ். ரசிகர்கள் கேட்டார்கள். உலகத்தை எழுதிய கிறிஸ் மெட்ஸன் 2006இலேயே, ஆட்டம் வெளிவருவதற்கு முன்பே, தான் எழுதியதைத் தானே மறந்துவிட்டதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலுக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது. மழுப்பியிருந்தால் இன்றுவரை நாம் விளக்கம் தேடிக்கொண்டிருப்போம். "மறந்துவிட்டேன், புதியதுதான் இனிமேல்" என்றதும் தரை கெட்டியாகிவிட்டது.

"இத்தனை நாளா மறைஞ்சிருந்துச்சு", "தூங்கிட்டிருந்துச்சு"ன்னே சொல்றாங்களே, இது ஒரு காரணமாங்க?

ஒருமுறை சொன்னால் காரணம். பாண்டேரியா பத்தாயிரம் வருடம் மறைந்திருந்தது. 2022இல் அதே கேமுக்கு டிராகன்ஃப்ளைட் விரிவாக்கம் வந்தபோது டிராகன் தீவுகளும் பத்தாயிரம் வருடம் மறைந்திருந்தன, அங்கே டிராக்தைர் இனம் இருபதாயிரம் வருடம் உறங்கிக் கிடந்தது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நிரப்பல்தான், முரண் இல்லை. ஆனால் ஒரு கடலில் இத்தனை மறைந்த தீவு இருந்தால் கப்பல்காரன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று கேட்கத் தோன்றும். என்னைக் கேட்டால், இந்தச் சாவியை இனி அவர்கள் கொஞ்ச நாள் தொடாமல் இருப்பது நல்லது.

ஏற்கெனவே இருக்கற ஜந்தோட உருவத்தையே மாத்திட்டா அது என்ன கணக்குங்க?

காங்கேயம் மாட்டைத் தெரியாதவனுக்கு, செவலைக் கன்றையும் மயிலை மாட்டையும் காட்டி இரண்டும் ஒன்றுதான் என்றால் நம்பமாட்டான். கன்று செவலையாகத்தான் பிறக்கும், ஆறு மாதம் ஆனால் நிறம் மாறி மயிலையாகிவிடும். எங்கள் அப்பாரு தோட்டத்தில் அந்த நிற மாற்றத்தைப் பார்த்து வளர்ந்தேன். முதலில் கண்ணைச் சுற்றி வெளுக்கும், அப்புறம் விலாவில் சாம்பல் பூத்தாற்போல் வரும். ஒரு ஜந்துக்கு இரண்டு உருவம் இருப்பது குற்றமில்லை. நடுவே உள்ள வழியைக் காட்ட வேண்டும்.

ஸ்கைரிம் சேர்ந்த எல்டர் ஸ்க்ரோல்ஸ் கேம் வரிசை இதை அழகாகச் செய்தது. 1994இல் வந்த அரீனாவில் கஜீத் இனத்தார் மனுசர் போலத்தான் இருந்தார்கள். 2002இல் மாரோவிண்டில் ரோமமும் வாலுமாக முழுப் பூனை முகத்தோடு வந்தார்கள். "அப்போது படம் வரைய வசதியில்லை" என்று விட்டிருக்கலாம். அதை விட்டு, கஜீத் குழந்தை பிறக்கும்போது வானத்தில் இரண்டு நிலாக்களும் எந்தப் பிறையில் இருக்கின்றனவோ அதைப் பொறுத்து அதன் உருவம் அமையும் என்றார்கள். வீட்டுப் பூனை அளவிலிருந்து ஆள் ஏறிப்போகும் அளவுவரை உண்டு. பழைய உருவமும் பொய்யாகவில்லை, ஒரு இனத்துக்கு ஜாதகமும் கிடைத்தது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் கோபால்ட் என்ற ஜந்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஜந்துக்களுக்கான 1977 மான்ஸ்டர் மேனுவல் புத்தகப் படத்தில் நாய் முகச் சாயல். 2000இல் மூன்றாம் பதிப்பில் முழுப் பல்லி, டிராகனுக்குச் சொந்தம். நடுவில் யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்கள் மேசையில் இரண்டுமே இருக்கின்றன, இரண்டு தனிச் சாதியாக.

போக்கிமான்ல 151தான் இருக்குன்னு சொன்னாங்க. இப்ப ஆயிரத்துக்கு மேல இருக்கே. இது முரணில்லீங்களா?

1996இல் 151, இன்று 1025. இதில் பெரும்பகுதி நிரப்பல். முதல் கேம் ஒரு வட்டாரத்தில் நடந்தது, அடுத்தது வேறு வட்டாரம், அங்கே வேறு ஜந்துக்கள். வால்பாறையில் சிங்கவால் குரங்கைப் பார்க்கலாம், தாராபுரத்தில் பார்க்க முடியாது. அதில் என்ன முரண்?

கொஞ்சம் இடிப்பது வேறு இடத்தில். பிக்காச்சு 1996இல் வந்தது, அதன் குட்டி வடிவமான பிச்சு 1999இல் வந்தது. அப்படியானால் முதல் வட்டாரத்தில் பிக்காச்சு எதிலிருந்து வந்தது? 2013இல் தேவதை வகை என்று ஒன்றைப் புதிதாகச் சேர்த்து, அதுவரை சாதாரண வகையாக இருந்த கிளஃபேரியை அதில் போட்டார்கள். இதை நான் முரணாக எடுத்துக்கொள்ளவில்லை, அந்த உலகத்து ஆராய்ச்சிக்காரர்கள் பிந்திக் கண்டுபிடித்தார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நம் உலகத்திலும் தாவரங்களை இடம் மாற்றி வகைப்படுத்திக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த சிக்கல் ராய்ச்சு. பழைய குறிப்பு ஒன்றில் அதன் மின்சாரம் இந்திய யானையையே மயங்கி விழவைக்கும் என்று வரும். ஆனைமலை அடிவாரத்தில் இருந்துகொண்டு அதைப் படித்தபோது வந்த பூரிப்பு கொஞ்சமில்லை. ஆனால் 1999இல் ஃபான்பி, டான்ஃபன் என்று யானை போக்கிமான்களே வந்துவிட்டன. பிற்பாடு அந்த உலகத்தில் சாதாரண மிருகம் கண்ணில் படுவதே அபூர்வமாகிவிட்டது. அப்படியானால் அந்த இந்திய யானை எங்கே போனது? இதற்கு யாரும் சரியான பதில் சொல்லவில்லை, என்னிடமும் இல்லை.

ஸ்கைரிம்ல வர்றது டிராகனே இல்ல, ரெண்டு கால்தான் இருக்கு, அது வைவர்ன்னு என் தம்பி அடம்புடிக்கிறான்.

நாலு காலும் இறக்கையும் இருந்தால் டிராகன், இரண்டு கால் என்றால் வைவர்ன் என்ற பிரிவு பிரிட்டன் பக்கத்துக் கேடயச் சின்னங்களிலிருந்து வந்த வழக்கம். அந்த விதி ஸ்கைரிம் உலகத்தில் இல்லை. அங்கே இருப்பவர்கள் அதை டிராகன் என்கிறார்கள், அவ்வளவுதான். நம் கோயில் தூணில் சிங்க முக யாளியும் உண்டு, யானை முக யாளியும் உண்டு. ஒன்றைக் காட்டி மற்றது யாளி இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

செல்டாவுல ஒரு இனம் இன்னொரு இனமா மாறிப்போச்சுன்னாங்க. அடுத்த கேம்ல ரெண்டுமே நடமாடுது. இதை எப்படிங்க சமாளிக்கறது?

இது உண்மையிலேயே கஷ்டமான முடிச்சு. செல்டா கேம் வரிசையில் 2002இல் வந்த விண்ட் வேக்கரில் உலகம் வெள்ளத்தில் மூழ்கியிருக்கும். நீர்வாழ் இனமான ஸோராவின் வம்சம்தான் பறவை இனமான ரீட்டோ என்று கதை காட்டியது. 2017இல் பிரெத் ஆஃப் தி வைல்டில் ஸோரா ஆற்றில் நீந்துகிறது, ரீட்டோ மலையில் பறக்கிறது.

ஸோராவில் ஒரு பிரிவு மட்டும் மாறியது, மற்றவர்கள் வேறெங்கோ தப்பினார்கள் என்று ஒரு கட்சி. இந்த ரீட்டோ வேறு, பேர் மட்டும் ஒன்று என்று இன்னொரு கட்சி. எனக்கு முதலாவது பிடிக்கும். ஒரு குடும்பத்தில் அண்ணன் ஊரை விட்டுப் போய் வேறு மனுசனாகிவிடுவான், தம்பி அதே தோட்டத்தில் இருப்பான். இரண்டு பேரும் ஒரே வம்சம்தான். ஆனால் இது நான் கட்டிய பாலம், படைத்தவர்கள் கட்டியதில்லை. இந்த வித்தியாசத்தை மறக்காமல் பேசினால் சண்டை வராது.

நம்ம ஊர்க் கதைகள்ல இந்தப் பிரச்சினையே இல்லையே, நமக்கெதுக்குங்க இந்த வெள்ளைக்காரன் கவலை?

இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அண்ணன்மார் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பொன்னர், சங்கர், தங்காள். உடுக்கை அடித்து இரவு இரவாகப் பாடுவார்கள். ஊருக்கு ஊர், பாடகருக்குப் பாடகர் கதை மாறும். 1960களில் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் காங்கேயம் பக்கம் கிராமத்தில் தங்கி இதைப் பதிவு செய்தார். அதில் கொம்பன் என்ற ராட்சசக் காட்டுப்பன்றி வருகிறது. பெரிய வீரர்கள் திணறும் இடத்தில் பொன்னாச்சி என்ற குட்டி நாய் வந்து அதை மடக்க உதவுகிறது.

நான் சின்னப் பையனாக ஒரு கூத்து பார்த்தபோது நடந்தது இது. பாடுகிறவர் பன்றியின் உயரத்தைச் சொன்னதும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர், "ஏனுங்க, போன வருசம் பனை ஒசரம்னீங்க, இப்ப ஊட்டு ஒசரமாயிருச்சே?" என்று கேட்டார். உடுக்கை நிற்கவில்லை. பாடகர் அந்தத் தாளத்திலேயே, பசியில் இளைத்த பன்றி என்று ஒரு அடி சேர்த்துப் பாடினார். கூட்டம் தலையாட்டியது. கேள்வி, விளக்கம், ஒப்புதல் எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்தது. இது வெள்ளைக்காரன் கவலை என்று எப்படிச் சொல்வது?

நாங்களே டேபிள்ல ஆடறோம். நான் சொன்ன ரூலுக்கு நானே எதிரா ஒரு ஜந்தைக் கொண்டாந்துட்டேன். இப்ப என்னங்ணா பண்றது?

எனக்கே நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஆட்டத்து உலகம் பழைய கொங்கு இருபத்துநாலு நாடுகளை வைத்துக் கட்டியது. பூந்துறை நாடு, காங்கேய நாடு, ஆனைமலை நாடு என்று சார்ட் பேப்பரில் வரைபடமே உண்டு. மேற்கே பாலக்காட்டுக் கணவாய், சுமார் முப்பது கிலோமீட்டர் அகலம். அதன் வழி வரும் காற்றில்தான் இன்று உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகள் சுற்றுகின்றன. அந்தக் காற்றை வைத்து முதல் வருடமே ஒரு விதி எழுதியிருந்தேன்: ஆடி மாதம் கணவாய்க்குக் கிழக்கே ஆள் கனத்துக்கு மேல் எதுவும் பறக்க முடியாது.

மூன்றாவது வருடம், ஆடி மாதத்தில் நடக்கும் ஒரு காட்சியில், எருமை அளவு பறக்கும் ஜந்து ஒன்றை இறக்கினேன். பொள்ளாச்சித் தம்பி ஒருவன் பகடையைக் கீழே வைத்தான். பையிலிருந்து நாற்பது பக்க நோட்டை எடுத்து, என் கையெழுத்தில் இருந்த அந்த விதியை விரல் வைத்துக் காட்டினான். "அண்ணா, இதை நம்பித்தான் நாங்க மேல பார்க்காம வந்தோம்" என்றான். அவன் பாத்திரம் அந்தத் தாக்குதலில் சாகும் நிலை. அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

நான் ஜந்துவைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போனேன். அப்போது உடுமலைப் பெண் ஒருத்தி, "ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்னு சொல்லுவாங்கல்லங்ணா? அது பறக்க வேண்டாம், காத்து தூக்கிட்டு வரட்டும்" என்றாள். அங்கேயே எல்லாரும் சேர்ந்து கணக்குப் போட்டோம். அது இறக்கை அடிக்காது, விரித்துக்கொண்டு மிதக்கும். ஆடியில் மட்டும் மேற்கிலிருந்து கிழக்கே வரும். வானத்து வழியாகத் திரும்பிப் போக முடியாது. புரட்டாசியில் பசியோடு, நடந்தே, பல்லடம் சோளக்காட்டு வழியாக மேற்கே போகும். ஆடிக்கூளி என்று பேர் வைத்தோம். அந்த நாட்டில் பட்டிகளுக்கு மேற்குப் பக்கம் மட்டும் கற்சுவர் ஏன் உயரம் என்பதற்கும் அன்றைக்கே காரணம் கிடைத்தது. தம்பியின் பாத்திரம் பிழைத்தது, ஏனென்றால் மிதந்து வருவது சட்டென்று திரும்ப முடியாது.

எனவே செய்ய வேண்டியது இது. முதலில் "ஆமாம், நான் சொன்னதற்கு எதிராகத்தான் இது இருக்கிறது" என்று ஒப்புக்கொள்ளுங்கள். அப்புறம் விதியைத் தளர்த்தாமல், ஜந்துவை அந்த விதிக்குள் வளைத்துப் பாருங்கள். ஆட்களிடமே கேளுங்கள். உங்களைவிட அவர்கள்தான் அந்த உலகத்தை உன்னிப்பாகக் கவனித்தவர்கள்.

எல்லாம் வியாபாரத்துக்குத்தானே சேர்க்கறாங்க? இதுல போயி லோர் தேடறது வீண் இல்லீங்களா?

வியாபாரமும் இருக்கிறது, ஆட்டத் தேவையும் இருக்கிறது. மேலே பார்த்த டிரெனாய் வந்ததால்தான் வார்கிராஃப்டின் இரண்டு கட்சிகளில் அலையன்ஸ் பக்கம் முதல்முறையாக ஷாமன் என்ற மந்திரக்காரப் பாத்திரம் ஆட முடிந்தது. 2008இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நான்காம் பதிப்பு, டிராகன் சாயல் மனுசரான டிராகன்பார்னை முக்கிய இனமாக்கியது. அந்த ஆட்டத்தின் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகத்தில் அவர்களுக்கு இடம் வேண்டுமே? ஒரு மந்திரப் பேரழிவில் வேறொரு உலகத்தின் துண்டு வந்து உந்தர் நாடு இருந்த இடத்தில் விழுந்தது, அங்கே திமாந்தர் என்று அவர்கள் நாடு என்றார்கள். உந்தரை நேசித்தவர்களுக்கு அது பெரிய அடி. பின்னால் உந்தரைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஒரு ஜந்துக்காக ஒரு நாட்டையே பெயர்ப்பது எனக்குச் சம்மதமில்லை.

ஆனால் எங்கிருந்து வந்தது என்பது ஒரு ஜந்துவின் தகுதியைத் தீர்மானிக்காது. ரஸ்ட் மான்ஸ்டர், ஔல்பேர், பியூலெட் என்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஜந்துக்கள் மூன்றும், அந்த ஆட்டத்தைப் படைத்தவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் கடையில் வாங்கிய மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளிலிருந்து வந்தவை. சந்தைக்கடை பொம்மை. இன்றைக்கு இரும்பைத் தின்னும் அந்த ரஸ்ட் மான்ஸ்டர் வந்தால் எங்கள் மேசையில் கவசம் போட்டவன் முகம் வெளுத்துவிடும்.

கேமுக்குள்ள இருக்கற புத்தகம் ஒண்ணு சொல்லுது, கம்பெனி ஒண்ணு சொல்லுது. எதைங்க நம்பறது?

கேமுக்குள் ஒரு பாத்திரம் எழுதிய புத்தகம் என்றால், எழுதியவர் யார் என்று பாருங்கள். எல்டர் ஸ்க்ரோல்ஸில் ஒரே சம்பவத்தை இரண்டு புத்தகம் இரண்டு விதமாகச் சொல்லும், வேண்டுமென்றே. அங்கே முரண் என்பது ஆளுக்கு ஆள் மாறும் சாட்சி. கேமின் கையேடு, அதாவது யார் வாயிலும் வைக்காமல் நேரடியாகச் சொன்னது, வேறு. அது தப்பினால் தப்பு. டிரெனாய் விஷயத்தில் தப்பியது கையேடு என்பதால்தான் அத்தனை சத்தம்.

அப்ப ஒரே கேமுக்கு ஆறேழு முடிவு இருந்தா?

1996இல் வந்த எல்டர் ஸ்க்ரோல்ஸ் கேமான டேகர்ஃபாலுக்கு அப்படித்தான். அடுத்த கேமில் எந்த முடிவு நிஜம் என்று தேர்ந்தெடுக்காமல், காலமே முறிந்து எல்லா முடிவும் ஒருசேர நடந்தது என்றார்கள். துணிச்சலான விளக்கம். ஒரு உலகத்துக்கு ஒருமுறைதான் செல்லும்.

இந்தச் சண்டையில என் கூட்டாளி ஒருத்தன் குரூப்ப விட்டே போயிட்டான். எப்படிக் கூப்புடறதுங்ணா?

அவன் சொன்னதில் எது சரியாக இருந்ததோ, அதை முதலில் சொல்லிக் கூப்பிடுங்கள். பக்க எண்ணோடு சொல்லுங்கள். "நீ காட்டிய பக்கம் சரிதான்டா, அதை வைத்து இந்த ஜந்துவை மாற்றியிருக்கிறேன், வந்து பார்" என்று நான் ஒருவனைக் கூப்பிட்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு ஈரோட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தான், கையில் இன்னும் மூன்று முரண்களோடு.

முரண்னு நல்லாத் தெரிஞ்சும் அந்த ஜந்துவ எனக்குப் புடிச்சிருக்கு. இது தப்புங்களா?

இல்லைங்க. எனக்கு டிரெனாய் அப்படித்தான். நான் முதன்முதலில் அறுபதாம் நிலைவரை கொண்டுபோனது ஒரு டிரெனாய் ஷாமன். வானத்திலிருந்து விழுந்த கப்பல், தெரியாத தீவு, சுற்றிலும் உடைந்த படிகம். வீட்டை இழந்து வந்த ஒரு கூட்டத்தின் முதல் நாள் அங்கே அவ்வளவு உண்மையாக இருந்தது. அந்தப் பழைய கையேடும் என்னிடம் இருக்கிறது. எரெடார் வரும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் "பின்னால் மாற்றினார், ஒப்புக்கொண்டார், 2006" என்று எழுதி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் கேட்டால் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவேன்.